ஒன்பது வண்டிக் குளிர்காலம்

ஐந்தாம் வகுப்பு இயற்கைப் பாடப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. நம் நாட்டில் பருவ மாற்றம் கிடையாது, மரங்கள் ஆண்டு முழுவதும் பச்சையாகவே இருக்கும் என்று. அந்த வரியை எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் இன்றைக்கும் அவர் வீட்டு வாசலில் போய் நின்று இரண்டு கேள்வி கேட்பேன். ஐயா, நீங்கள் இந்த நாட்டில் எப்போதாவது ஒரு மரத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? பார்க்கவில்லை என்றால், பார்க்காத ஒன்றைப் பற்றி இவ்வளவு உறுதியாக எழுத உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

எனக்கு அப்போது பதினொரு வயது. எழுபதுகளின் கடைசி. சுங்காய்ப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டை விட்டு ஈப்போவுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பாவுக்கு லோரியில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை. எஸ்டேட்டில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த அம்மா, இங்கே நகரப் பூங்காவில் கூட்டிப் பெருக்கினாள். மெங்லெம்பு போகும் சாலையில் வாடகை வீடு. பள்ளி ஊருக்குள், பூங்காவிலிருந்து இருபது நிமிட நடை. எங்கள் பக்கத்திலிருந்து அந்தப் பள்ளிக்குப் போனது நான் ஒருத்திதான்.

எஸ்டேட்டில் விண்டரிங் என்று ஒரு சொல் உண்டு. மழை ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கும் ஜனவரிக் கடைசியில் பால்மரத்து இலைகள் மஞ்சளாகும், சிவக்கும், பிறகு ஒரு நல்ல காற்றுக்கு மொத்தமாகக் கொட்டும். குன்று முழுக்கக் குச்சி குச்சியாக நிற்கும். பால் குறையும். வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் ஊர்க் குளிர்காலத்தை நினைத்து வைத்த பெயர் அது. அவர்கள் போய்விட்டார்கள், பெயர் தங்கிவிட்டது. அம்மாவுக்கு அது இங்கிலீஷ் என்பதே தெரியாது. வேலை மாறியபோது சொல்லையும் கூடவே ஈப்போவுக்குக் கொண்டுவந்துவிட்டாள். பூங்காவில் எந்த மரம் இலை கொட்டினாலும் அது விண்டரிங். பக்கத்து வீட்டு அண்ணனுக்கு முன்மண்டையில் முடி கொட்டியபோதும், "அந்தத் தம்பிக்கு விண்டரிங் வந்துருச்சு போலருக்கு" என்றாள்.

நானோ படிக்கிற பிள்ளை. விண்டர் என்றால் குளிர்காலம் என்று அகராதியிலேயே பார்த்து வைத்திருந்தேன். எனவே கணக்கு சுலபம். எங்கள் பேராக் மாநிலத்தில் குளிர்காலம் உண்டு. அது பிப்ரவரியில், மண்டையைப் பிளக்கிற வெயிலில் வரும்.

இதை நான் வகுப்பில் எழுந்து நின்று சொன்னேன்.

எங்கள் சார் கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு சிரிப்பு கிடைக்கும் என்றால் அதற்காக எதையும் விட்டுக்கொடுப்பார், என்னையும் சேர்த்து. "அப்படியா? சுங்காய்ல ஐஸ் கொட்டுதா? உங்கப்பா ஸ்வெட்டர் போட்டுக்கிட்டா லோரில ஏறுறாரு?" என்றார். வகுப்பு மேசைகளைத் தட்டிச் சிரித்தது. அன்று இடைவேளையிலேயே எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஐஸ் கச்சாங், கடைத்தெருவில் சிரப் ஊற்றி விற்கிற சீவிய ஐஸ். "ஏய் ஐஸ் கச்சாங், சிரப் ஊத்தவா?" என்று ஒருவன் என் தலைக்கு மேல் கையைக் கவிழ்ப்பான். பெயரைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னவளை உட்காரச் சொல்லிவிட்டு, பொய்யைச் சொன்ன புத்தகத்தை அவர்கள் உரக்கப் படித்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

அன்று மாலை ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். அடுத்த பிப்ரவரி வரை எழுதினேன்.

சனிக்கிழமைகளில் அம்மாவோடு பூங்காவுக்குப் போவேன். மற்ற நாட்களில் அம்மா வந்து சொல்வாள். அங்சானா மரம் ஒன்று இருந்தது. கடும் வெயிலுக்குப் பிறகு ஒரு மழை பெய்தால், சில நாள் கழித்து ஒரு காலையில் முழு மரமும் மஞ்சளாகப் பூத்து நிற்கும். மறுநாள் அத்தனையும் தரையில் கிடக்கும். ஒரே நாள் பூ. அதற்காக நான் இரண்டு சனிக்கிழமைகளைத் தவறவிட்டு அழுதிருக்கிறேன். குளத்தோரம் இரண்டு கெத்தாப்பாங் மரங்கள், நம் ஆட்கள் வாதாங்கொட்டை மரம் என்பார்களே அது. தட்டு அளவு இலை. வருடத்தில் இரண்டு முறை இலை சிவந்து கொட்டும், பத்து நாளில் மறுபடி தளிர்க்கும். அதிலும் இரண்டும் சேர்ந்து கொட்டாது. ஒன்று மொட்டையாக நிற்கும்போது மற்றொன்று எனக்கென்ன என்று பச்சையாக நிற்கும். ஊஞ்சல் பக்கத்து மரம் ஆகஸ்டில் கொட்டியது. அப்படியானால் மறுபடி பிப்ரவரியில் கொட்டும் என்று எழுதி இரண்டு கோடு போட்டேன்.

பறவைகளும் அப்படித்தான். ஏப்ரலில் கடைத்தெருக் கம்பிகள் காலியாயின. செப்டம்பரில் ஒரு மாலை, கம்பி தெரியாத அளவுக்கு வரிசை வரிசையாக லயாங்-லயாங் குருவிகள் வந்து உட்கார்ந்தன. கடைத்தெருவில் நிறுத்திய லோரியைக் கழுவிக் கழுவி அப்பாவுக்கு வெறுத்துப்போனது. "ஒங்க விருந்தாளிங்க வந்துட்டாங்க, தொடைக்க ஒரு துணி கொண்டா" என்பார். அதையும் நாள் போட்டு எழுதினேன். பூங்கா வேலிக்கம்பத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு குருவி வந்தது. கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை. பெயர் தெரியாததால் கொள்ளைக்காரன் என்று பெயர் வைத்தேன். அதே மாதம் வந்து அதே கம்பத்தில் உட்கார்ந்து வெட்டுக்கிளியைப் பிடித்து முள்வேலியில் குத்தி வைக்கும். இந்தக் குருவிக்குக் காலம் தெரிந்திருக்கிறது, பாடப் புத்தகத்துக்குத் தெரியவில்லை.

இலையை எப்படி அளப்பது என்பதுதான் எனக்குப் பெரிய சிக்கலாக இருந்தது. அதை அம்மாதான் தீர்த்தாள், தீர்க்கிறோம் என்று தெரியாமலேயே. வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்ததும், "இன்னிக்கி ரெண்டு வண்டிதான்" என்பாள். அவள் இலை அள்ளித் தள்ளுகிற ஒற்றைச் சக்கர வண்டி. எஸ்டேட்டில் பால் வாளியை எண்ணிப் பழகிய வாய், இங்கே வண்டியை எண்ணியது. சாதாரண நாளில் இரண்டு. பிப்ரவரியில் ஆறு, ஏழு. மழையில் நனைந்த இலை கனக்கும், வண்டி குறையும். அதையும் ஓரத்தில் குறித்தேன். நோட்டில் அம்மா என்று எழுதவில்லை. அறிவியல் நோட்டில் அம்மா என்று எழுதினால் நன்றாகவா இருக்கும்? 'பூங்காப் பணியாளர் தள்ளிய வண்டிகள்' என்று தலைப்புப் போட்டுக் கோடு கிழித்தேன்.

மறு வருடம் அதே சார் எங்களோடு ஆறாம் வகுப்புக்கு வந்தார். பிப்ரவரிக் கடைசியில் பள்ளியில் இயற்கைப் பாடக் கண்காட்சி, நல்ல நோட்டுகளை மேசையில் பரப்பி வைப்பார்கள் என்றார். நான் என் நோட்டைக் கொடுத்தேன். புரட்டினார். வண்டிக் கணக்குப் பக்கம் வந்ததும் நின்றார். "இது இயற்கைப் பாடமா, குப்பைக் கணக்கா?" என்றார்.

சிரிப்பு கிடைத்தது. நோட்டு திரும்பி வந்தது.

மேசைக்குப் போக அவர் எடுத்து வைத்தது இன்னொரு பிள்ளையின் நோட்டு. நாள்காட்டியிலிருந்து வெட்டி ஒட்டிய நான்கு படங்கள். பனி மூடிய வீடு, பனியில் சறுக்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகள், சிவப்பு இலை, ஏதோ பூ. கீழே அழகான கையெழுத்தில் நான்கு பருவங்களின் பெயர். கத்தரிக்கோலும் பசையும் இருந்தால் பருவம் வந்துவிடுமா? ஒரு வருடம் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தவள் நான். மூன்று நாள் அவர் பின்னாலேயே நடந்தேன். "வந்து பாருங்க சார். ஒரு தடவ வந்து பாருங்க. இருபது நிமிஷம்தான் சார்." நான்காம் நாள் தொல்லை தாங்காமல், "சரி, வெள்ளிக்கெழம இடைவேளைக்கு அப்புறம் எல்லாரும் போலாம். குளிர்காலம் இருந்தா உன் நோட்டு மேசைல இருக்கும். இல்லன்னா இனிமே அந்தப் பேச்சே இருக்கக் கூடாது" என்றார்.

வியாழன் மாலை பள்ளி விட்டதும் பூங்காவுக்கு ஓடினேன். நான் எழுதியபடியே ஊஞ்சல் பக்கத்துக் கெத்தாப்பாங் பாதிக்கு மேல் கொட்டியிருந்தது. அம்மா அன்று ஒன்பது வண்டி தள்ளியும் அதற்குள் மறுபடி கணுக்கால் அளவு சிவப்பு. மேலே இருக்கிறதும் நாளைக்கு விழும். சார் அதில் கால் வைத்து நடக்கப்போகிறார், சரக் சரக் என்று சத்தம் கேட்கப்போகிறது. அம்மாவிடம் சொன்னேன்.

"நாளைக்கு எங்க சாரு, கிளாஸ் பிள்ளைங்க எல்லாரும் பார்க்குக்கு வாராங்க."

"சாருமா? எத்தன பேரு?"

"முப்பத்திரெண்டு."

அவ்வளவுதான் பேச்சு. அன்று அம்மா தன் காக்கிச் சட்டையைத் துவைத்துக் கரி இஸ்திரிப் பெட்டியில் தேய்த்தாள். எதற்கென்று நான் கேட்கவில்லை. மறுநாள் விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டாள்.

இரண்டு இரண்டு பேராகக் கைகோத்து நடந்தோம். வழி முழுக்க என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார்கள், ஐஸ் கச்சாங், கம்பளி கொண்டுவரலையே, சளி பிடிக்குமா என்று.  வெற்றி பெறப்போகிறவள் வழியில் சண்டை போடுவதில்லை.

பூங்காவுக்குள் நுழைந்ததும் வேலிக்கம்பத்தில் கொள்ளைக்காரன் உட்கார்ந்திருந்தான். "சார், அதோ. வடக்கேருந்து வந்த குருவி. செப்டம்பர்ல வந்துச்சு" என்றேன். சார் பார்த்தார். "சிட்டுக்குருவி" என்றார். ஒருவன் கல்லை விட்டான். அது போய்விட்டது.

போகட்டும், மரம் இருக்கிறது என்று குளத்தோரம் அழைத்துப்போனேன்.

தரை சுத்தமாக இருந்தது.

ஒரு இலை இல்லை. விளக்குமாறு போன வரிகள் மண்ணில் கோலம்போல் வளைந்து வளைந்து கிடந்தன. மரத்தடியில் நீர் தெளித்திருந்தது. மேலே பார்த்தேன். மிச்சம் இருந்த சிவப்பு இலைகளும் இல்லை. மரத்தில் ஒரு நீண்ட மூங்கில் கழி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் நுனி பட்டு முறிந்த சுள்ளிகள் இரண்டு கிளையில் தொங்கிக்கொண்டிருந்தன.

சார் கழியைப் பார்த்தார். சுள்ளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இது நாலு பருவத்துலயும் சேராது. அஞ்சாவது பருவம். விளக்குமாத்துப் பருவம்" என்றார். முப்பது பேர் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் குரல் மாறியது. "யாருகிட்ட சொல்லி இலையத் தட்ட வச்ச?"

 நான் ஏமாற்றினேனாம். ஒரு வருடம் எழுதியவள், மரத்தை அடித்து மொட்டையாக்கிக் குளிர்காலம் என்று காட்டினேனாம். கோபத்தில் அழுகைகூட வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். புல்வெளிக்கு அந்தப் பக்கம், கருவிகள் வைக்கிற கொட்டகை ஓரமாக அம்மா நின்றுகொண்டிருந்தாள். தேய்த்த காக்கிச் சட்டை, முகத்தில் பவுடர், கையில் விளக்குமாறு. நாங்கள் வந்தபோது எங்களை நோக்கி நாலு எட்டு வைத்தவள், வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையுமாக வரிசையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள் போலிருக்கிறது. வரவும் இல்லை, போகவும் இல்லை.

"அம்மா" என்று கத்திக்கொண்டே ஓடினேன். தமிழில் அது ஒரு வசதி. எந்தப் பெண்ணையும் அப்படிக் கூப்பிடலாம்.

கிட்டப் போய் மூச்சு வாங்க, "எதுக்குக் கூட்டுன? நேத்து இல கெடந்துச்சா இல்லியா? வந்து சொல்லு" என்றேன்.

அம்மா என் தலைக்கு மேலே பார்த்தாள். சார் என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். அம்மா என்னை எப்போதும் என்னாடி, வாடி என்றுதான் கூப்பிடுவாள். அன்று குனிந்து, நான் கேட்டே இராத ஒரு மெல்லிய குரலில், "என்னா பாப்பா வேணும்? நீங்க எந்த ஸ்கூல் பிள்ளைங்க?" என்று கேட்டாள்.



"ஏம்மா," என்றார் சார், "இந்தப் பிள்ள சொல்லித்தான் இலையெல்லாம் தட்டி விட்டீங்களா?"

"இந்தப் பிள்ளையா? யாருன்னே தெரியாதுங்க சார்."

சாருக்கும் தெரிய வழியில்லை. ரிப்போர்ட் அட்டையில் கையெழுத்துப் போட வருவது அப்பாதான். பள்ளிச் சேர்க்கைப் பாரத்தில் தாயின் தொழில் என்ற கட்டத்தில், அம்மா சொன்னபடி அப்பா சூரி ரூமா, இல்லத்தரசி என்று மலாயில் எழுதியிருந்தார். பூங்காத் துப்புரவு என்று எழுதக் கட்டத்தில் இடம் போதாது என்று நான் நினைத்திருந்தேன்.

அம்மா விளக்குமாற்றை முதுகுக்குப் பின்னால் மாற்றிக்கொண்டு பேசினாள். "பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வாராங்கன்னு காதுல விழுந்துச்சு சார். நடக்கிற எடம், வழுக்கிறக் கூடாதேன்னு கூட்டிட்டேன். மேல கெடந்தது ஒங்க தலையில விழுந்துறக் கூடாதேன்னு தட்டிட்டேன். எப்பிடியும் தானா விழுற இலதான். விண்டரிங் டைம்லா இது. நேத்து மட்டும் ஒம்போது வண்டி."

சார் நிமிர்ந்தார். "என்னா டைம்?"

"விண்டரிங் சார். பால்மரத்துக்கு வருமே, அது."

சார் என் கையிலிருந்த நோட்டை வாங்கிப் பிரித்தார். வியாழன், ஒன்பது. விரலை வைத்துக்கொண்டு, "முந்தாநேத்து எத்தன வண்டி?" என்றார்.

"ஏழு."

"செவ்வாக்கெழம?"

அம்மா கண்ணை மூடித் திறந்தாள். "அஞ்சு. அன்னிக்கிச் சாரல் அடிச்சுச்சு. ஈர இல கனம், அதுக்கு மேல தள்ள முடியல."

நோட்டில் ஐந்து. ஓரத்தில் சாரல் என்று என் கையெழுத்து. சார் ஒரு வருடத்துப் பக்கங்களைப் பின்னோக்கி மெல்லப் புரட்டினார்.  "இந்தக் கணக்கெல்லாம் எப்பிடி இந்தப் பிள்ளைக்குத் தெரியும்?" என்று அம்மாவைக் கேட்டார்.

"யாரோ ஒரு பிள்ள வேலி ஓரமா நின்னு எண்ணிக்கிட்டு இருக்கும் சார். வெயில், மழ பாக்காது. இந்தப் பிள்ளையா வேற பிள்ளையான்னு தெரியல. யூனிபோர்ம் போட்டா எல்லாரும் ஒன்னாத்தானே இருக்காங்க."

பச்சைப் பொய். நான் வேலி ஓரம் நின்று ஒரு நாள்கூட வண்டி எண்ணியதில்லை. எண்ணியதெல்லாம் அவள்தான். திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அம்மா ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், அதற்கு அடுத்தது கை. வாயை மூடிக்கொண்டேன்.

சார் நோட்டை என்னிடம் கொடுக்கவில்லை. தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "நீ எண்ணினதுன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். அம்மாவைப் பார்த்து, "பூங்காவ நல்லா வச்சிருக்கீங்கம்மா" என்றார். அம்மா தலையை ஆட்டிவிட்டு என்னிடம் திரும்பி, அதே அந்நியக் குரலில், "நல்லாப் படிங்க பாப்பா" என்றாள். படிங்க. எனக்கு. மரியாதையோடு.

திரும்பும் வழியில் யாரும் ஐஸ் கச்சாங் என்று கூப்பிடவில்லை. அது எனக்கு உறைக்கவும் இல்லை. நான் கொதித்துக்கொண்டிருந்தேன். இலையைக் கூட்டியது ஒரு குற்றம். தட்டியது இரண்டாவது. செய்த தப்புக்குப் பயந்து, பெற்ற பிள்ளையையே தெரியாது என்று சொன்னாளே, அது எந்தக் கணக்கில் சேரும்?

என் நோட்டு மேசைக்கு வந்தது. ஓரத்து மேசை, கடைசி இடம். குளிர்காலம் என்று நான் எழுதிய இடத்திலெல்லாம் சார் சிவப்பு மையில் இலையுதிர் காலம் என்று திருத்தியிருந்தார். பரிசு பனி வீட்டுக்குத்தான் போனது. அந்த அநியாயத்தைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்தாள். வாசல் குழாயில் கால் கழுவும்போதே கேட்டாள், "ஏண்டி, சாரு என்னா சொன்னாரு? நோட்ட வைக்கிறாராமா?"

நான் கதவில் சாய்ந்து, பூங்காவில் அவள் பேசிய அதே குரலில் திருப்பிக் கொடுத்தேன். "நீங்க யாருங்க? எனக்குத் தெரியாதே."

அவளுக்குச் சுருக்கென்று தைக்கும் என்று எதிர்பார்த்தேன். அம்மா சிரித்தாள். குழாயை மூடிவிட்டு, ஈரக் கையால் என் கன்னத்தைப் பிடித்து ஆட்டி, "அப்பிடித்தான். யாரு கேட்டாலும் அப்பிடியே சொல்லு" என்றாள்.

செய்ததையும் செய்துவிட்டுக் கேலி வேறு பேசுகிறாள் என்று மூன்று நாள் நான் அவளோடு பேசவில்லை.